துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் என்னென்ன கேட்கிறது?

கேள்வி இதுதான்: காவல்துறையிலோ ராணுவத்திலோ இல்லாத சாதாரண ஆள் ஒருவர், சட்டத்துக்கு உட்பட்டு ஒரு துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள என்ன தகுதி வேண்டும், என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் பல நாடுகளின் சட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், எல்லாமே அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கின்றன என்பது தெரியும். நீ யார்? எதற்கு வேண்டும்? எந்த ஆயுதம்? எங்கே வைப்பாய்? உன் நிலைமை மாறினால் அல்லது நீ இறந்துபோனால் அது யார் கைக்குப் போகும்? பெரும்பாலானோர் முதல் மூன்று கேள்விகளுக்கு மட்டும் தயாராகிறார்கள். வழக்கும் தண்டனையும் பெரும்பாலும் பின்னிரண்டிலிருந்துதான் வருகின்றன. அதனால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. உலகத்தில் துப்பாக்கிச் சட்டங்களுக்கு இரண்டு தொடக்கப் புள்ளிகள் உண்டு. ஒன்று, "வைத்திருக்கலாம், சிலரைத் தவிர" என்பது. இன்னொன்று, "வைத்திருக்கக் கூடாது, அனுமதி பெற்றவரைத் தவிர" என்பது. அமெரிக்கா முதல் வகை. 1791இல் ஏற்கப்பட்ட இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம் அங்கே ஆயுத உரிமையைப் பேசுகிறது. அது தனிநபருக்கான உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெக்சிகோ, குவாத்தமாலா அரசியல் சட்டங்களிலும் ஆயுத உரிமை இருக்கிறது. ஏறக்குறைய மற்ற எல்லா நாடுகளும் இரண்டாவது வகை. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள்: உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, எடுத்துச் செல்லவும் கூடாது. இங்கே துப்பாக்கி என்பது அரசு தருகிற சலுகை. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "தற்காப்புக்குத் துப்பாக்கி என் உரிமை" என்று விண்ணப்பத்தில் எழுதுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சரி, "நீ யார்?" என்ற கேள்வி. வயதுதான் முதல் வாசல். இந்தியாவில் 21 வயது முடிந்திருக்க வேண்டும். குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காக மட்டும் இளையவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. கனடாவில் 18. அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள், ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் நீளத் துப்பாக்கி) வாங்க 18, கைத்துப்பாக்கி வாங்க 21. பிரேசிலில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 25.

அடுத்தது குற்றப் பின்னணி. இங்கே நாடுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு எங்கேயும் கதவு எளிதில் திறக்காது. இந்தியச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, வன்முறையோ ஒழுக்கக்கேடோ கலந்த குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தவரை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் 5 ஆண்டுகளுக்குத் தடுக்கிறது. அமைதி காப்பேன் என்று நீதிமன்றத்தில் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தவரும் அந்தக் காலம் முடியும்வரை வைத்திருக்க முடியாது. அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை தரத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், போதைப்பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவர், நீதிமன்றத்தால் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டவர் என ஒரு பட்டியலே உண்டு. குடும்ப வன்முறை அதில் முக்கியமானது. மனைவியையோ துணையையோ அடித்ததாகச் சிறு குற்றப் பிரிவில் தண்டனை பெற்றிருந்தாலும், 1996க்குப் பிறகு அங்கே துப்பாக்கி கிடையாது. குடும்ப வன்முறைத் தடையுத்தரவு இருப்பவருக்குத் துப்பாக்கியை மறுப்பது அரசியல் சட்டப்படி சரிதான் என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கனடாவில் இருக்கிறது. உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர், இப்போது சேர்ந்து வாழும் துணையிடமும், கடந்த 2 ஆண்டுகளுக்குள் சேர்ந்து வாழ்ந்த முன்னாள் துணையிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் விண்ணப்பம் அப்படியே நிராகரிக்கப்படாது. ஆனால் அந்தத் துணைக்கு அதிகாரிகள் தகவல் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் நடப்பது காவல் நிலையப் பதிவேட்டில் இருக்காது, கூட இருந்தவருக்குத் தெரியும். இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட விதி அது. முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பும் உண்டு. கோபத்தில் போய் வாங்குவதை அந்த இடைவெளி தடுக்கிறது.

குடியுரிமை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இதில் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாங்கலாம். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாக வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. அந்த விலக்கு தனக்குப் பொருந்துகிறதா என்று தெரியாமல், நண்பர்களோடு சுடும் களத்துக்குப் போய் அங்கே ஒரு துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூட மத்தியச் சட்டப்படி சிக்கலாகலாம். விசா நிலை ஆபத்தில் விழும் விஷயம் இது. போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் பொய் சொல்லாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அமெரிக்கக் கடையில் நிரப்பும் 4473 எண் படிவமானாலும், இந்தியாவில் நிரப்பும் ஏ-1 படிவமானாலும், பொய்த் தகவல் தருவதே தனிக் குற்றம். முடிந்துபோன பழைய வழக்கை மறைப்பதுதான் அதிகமாக நடக்கிறது. விடுதலையான வழக்கைச் சொன்னால் அதிகாரி விளக்கம் கேட்பார், தீர்ப்பு நகலைக் கொடுக்கலாம். மறைத்தது காவல்துறை அறிக்கையில் வெளிவந்தால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப ஆளிருக்காது.

இனி "எதற்கு வேண்டும்?" என்பது. மனிதர்கள் மனத்தில் வைத்திருக்கும் காரணமும் சட்டம் ஏற்கும் காரணமும் பல நாடுகளில் வேறு வேறு. பிரிட்டனில் தக்க காரணம் காட்ட வேண்டும். வேட்டை, சுடும் விளையாட்டு, பண்ணையில் பயிரைக் காப்பது போன்றவை செல்லும். தற்காப்பு என்று சொன்னால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது (வட அயர்லாந்தில் மட்டும் கதை வேறு). ஆஸ்திரேலியாவும் தற்காப்பைக் காரணமாக ஏற்பதில்லை. ஜெர்மனியில் தேவையை நிரூபிக்க வேண்டும்: சுடும் விளையாட்டு என்றால் சங்கத்தில் குறைந்தது 12 மாதம் உறுப்பினராக இருந்து ஒழுங்காகப் பயிற்சி செய்ததற்குச் சான்று, வேட்டை என்றால் வேட்டை உரிமம்.

இந்தியா இதில் மாறுபடுகிறது. தற்காப்பு, விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு ஆகிய காரணங்கள் ஏற்கப்படுகின்றன. ஆனால் தற்காப்பு என்றால் வெறும் பயம் போதாது. யாரிடமிருந்து என்ன அச்சுறுத்தல், அதற்குப் புகார் கொடுத்தீர்களா, முதல் தகவல் அறிக்கை இருக்கிறதா, பெரிய தொகையோ நகையோ கொண்டு போகும் தொழிலா என்று காவல்துறை விசாரிக்கும். அந்த அறிக்கையை வைத்து மாவட்ட ஆட்சியரோ, ஆணையரகம் உள்ள நகரங்களில் காவல் ஆணையரோ முடிவு செய்கிறார். அச்சுறுத்தல் உண்மையென்றால் ஒவ்வொரு சம்பவத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். விண்ணப்பத்துக்கு உண்மையான பலம் அந்த ரசீதுகள்தான், பரிந்துரைக் கடிதங்கள் அல்ல.

சொத்து இருந்தால்தான் உரிமம் கிடைக்கும் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். காரணத்தைத் தெரிவிப்பது பொதுநலனுக்கு ஆகாது என்று கருதினால் மட்டுமே அதை விண்ணப்பதாரருக்குத் தராமல் இருக்கலாம். 18ஆவது பிரிவின்படி மேல்முறையீடும் செய்யலாம். வாய்வார்த்தையாக "கிடைக்காது, போங்க" என்று யாராவது சொன்னால் அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுத்தில் ஆணை கேளுங்கள்.

பயிற்சி விஷயத்தில் நாடுகள் எங்கெங்கோ நிற்கின்றன. அமெரிக்காவில் மத்தியச் சட்டம் வாங்குபவரிடம் எந்தப் பயிற்சியையும் கேட்பதில்லை. சில மாநிலங்கள் கேட்கின்றன. கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் தேறாமல் உரிமம் இல்லை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழைக் கொண்டு வந்தன. ஜெர்மனியில் ஆயுத அறிவுத் தேர்வு உண்டு. 25 வயதுக்குக் கீழே இருந்தால், பெரும்பாலான ஆயுதங்களுக்கு, முதல் உரிமத்துக்கு உளவியல் சான்றும் கேட்பார்கள்.

ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தனிநபர் துப்பாக்கியை முழுதாகத் தடை செய்யாமலேயே எவ்வளவு இறுக்க முடியும் என்பதற்கு அது எல்லை. அங்கே சாதாரணக் குடிமகனுக்குக் கைத்துப்பாக்கி அறவே கிடையாது. ஷாட்கன் வேண்டுமென்றால் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், பிறகு களத்தில் சுட்டுக் காட்ட வேண்டும், மருத்துவரிடம் மனநலச் சான்று வாங்க வேண்டும். காவல்துறை நேர்காணல் நடத்தும். குடும்பத்தாரையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரிக்கும். எல்லாம் முடிந்தாலும் துப்பாக்கிக்கு ஒரு பெட்டகம், தோட்டாவுக்கு வேறொரு பெட்டகம் வேண்டும். ஆண்டுதோறும் துப்பாக்கியைக் காவல்துறையிடம் காட்ட வேண்டும், 3 ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். ரைஃபிள் வேண்டும் என்றால், பொதுவாக 10 ஆண்டுகள் தொடர்ந்து ஷாட்கன் வைத்திருந்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். சுட்ட தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. இவ்வளவையும் தாண்டி வேட்டைக்காரர்களும் குறிசுடும் வீரர்களும் அங்கே இருக்கத்தான் செய்கிறார்கள்.

எந்த ஆயுதம் என்பது அடுத்தது. இந்தியாவில் தடை செய்யப்பட்ட வகை, தடை செய்யப்படாத வகை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். .32 ரிவால்வர், 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் ஷாட்கன், .315 ரைஃபிள் போன்றவை சாதாரண உரிமத்தில் வருபவை. 9 மில்லிமீட்டர் பிஸ்டல், .303 ரைஃபிள் போன்று படைகளோடு தொடர்புடைய அளவுகள் தடை வகை. அவற்றுக்கு மத்திய அரசு வரை போக வேண்டும், சாதாரணமாகக் கிடைக்காது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3இலிருந்து 2ஆகக் குறைத்தது. உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் கூட்டியது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். குறிசுடும் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்கு இங்கே எந்த மன்னிப்பும் கிடையாது. காட்டுப்பன்றி விரட்டத்தான் வைத்திருந்தேன் என்பது எடுபடாது. துப்பாக்கி செய்வதற்கே தனி உரிமம் வேண்டும்.

அமெரிக்காவிலும் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 1986 மே மாதத்துக்குப் பிறகு தயாரித்துப் பதிவான தானியங்கித் துப்பாக்கியைத் தனியார் வாங்க முடியாது. பிரிட்டன் 1996இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் அதே 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்த பிறகு பலவகை அரைத் தானியங்கிகள் (விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்பவை) தடையாகி, 6 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே சட்டம் மாறியது. கனடா 2022 அக்டோபர் முதல் தனியாருக்குக் கைத்துப்பாக்கி விற்பதை நிறுத்தியது. இந்த வரலாற்றை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. முறைப்படி வாங்கியவர்கூட ஒருநாள் காலையில் தடை செய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருப்பவராக ஆகிவிடலாம். "நான் வாங்கும்போது சட்டப்படி சரியாக இருந்ததே" என்ற வாதம் அப்போது நிற்காது. ஒப்படைக்கக் கெடு கொடுப்பார்கள். அந்தத் தேதிக்குள் ஒப்படைத்தாக வேண்டும்.

இப்போது நான் முக்கியமென்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன்: எங்கே வைப்பது?

2009 மார்ச்சில் ஜெர்மனியின் வின்னென்டன் நகரில் 17 வயதுப் பையன் ஒருவன் தான் படித்த பள்ளிக்குள் புகுந்து சுட்டான். அன்று 15 பேரைக் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போனான். துப்பாக்கி அவனுடைய அப்பாவுடையது. அவர் சுடும் சங்க உறுப்பினர், உரிமம் எல்லாம் முறையாக வைத்திருந்தவர். மற்ற துப்பாக்கிகள் பெட்டகத்தில் இருந்தன. இந்த ஒரு பிஸ்டல் மட்டும் படுக்கையறையில் பூட்டாமல் இருந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அந்த அப்பா தண்டிக்கப்பட்டார். சுட்டது அவர் இல்லை. அந்த இடத்தில் அவர் இருக்கவும் இல்லை. ஆனாலும் சட்டம் அவரைத் தேடி வந்தது, வர வேண்டியதும்தான். அதற்குப் பிறகு அங்கே முன்னறிவிப்பு இல்லாமலே அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பெட்டகத்தைப் பார்க்கலாம் என்று சட்டம் மாறியது. 2017 முதல் புதிதாக வாங்கும் பெட்டகம் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் இறுக்கினார்கள்.

உங்கள் சட்டம் பெட்டகத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறதோ இல்லையோ, பெட்டகம் வாங்க வசதியில்லை என்றால் துப்பாக்கி வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. துணி அலமாரியின் மேல்தட்டும், மெத்தைக்கு அடியும், பீரோவில் சேலைகளுக்கு நடுவும் பாதுகாப்பான இடங்கள் அல்ல. வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த இடங்கள் எல்லாமே தெரியும். சாவியும் அப்படித்தான்: பெட்டகத்தைப் பூட்டிவிட்டு ஆணியில் மாட்டி வைத்தால் பூட்டியதாகவே அர்த்தமில்லை. குண்டு நீக்கிய துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம் என்பது பல நாடுகளில் சட்டம், மற்ற இடங்களில் பொது அறிவு.

வைத்திருப்பது ஒன்று, எடுத்துக்கொண்டு நடப்பது வேறு. இந்த வித்தியாசத்தை ஜெர்மனி இரண்டு தனி ஆவணங்களாகவே பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று வைத்திருக்க அனுமதி, அது வேட்டைக்காரருக்கும் விளையாட்டு வீரருக்கும் கிடைக்கும். இன்னொன்று பொது இடத்தில் எடுத்துச் செல்ல அனுமதி, அது மிகச் சிலருக்கே. வீட்டுக்கு வீடு துப்பாக்கி என்று பேசப்படும் சுவிட்சர்லாந்தில்கூட, குண்டு நிரப்பிய ஆயுதத்தோடு வெளியே நடக்கத் தனி அனுமதி வேண்டும்; அதற்குக் குறிப்பான ஆபத்து இருப்பதைக் காட்டித் தேர்விலும் தேற வேண்டும். அமெரிக்காவில் நிலைமை எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கிறது: எடுத்துச் செல்லத் தனித் தேவையை நிரூபிக்கச் சொன்ன நியூயார்க் சட்டத்தை 2022இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இந்திய உரிமத்தில் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். ஒரு மாநிலத்துக்குச் செல்லும் உரிமத்தோடு அடுத்த மாநிலத்துக்குத் துப்பாக்கியை எடுத்துப் போனால், அங்கே அது உரிமமில்லாத துப்பாக்கிதான். விமானத்தில் குண்டு நீக்கி, முன்கூட்டித் தெரிவித்து, சரக்குப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும்.

கொடுத்து வாங்குவதும் கூடாது. கடப்பாரையைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் கொடுப்போம், துப்பாக்கி அப்படியல்ல. இந்தியச் சட்டத்தில் சிறிய சலுகை ஒன்று இருக்கிறது: பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ உரிமதாரர் பயன்படுத்தவோ வேண்டி, அவர் முன்னிலையில் அல்லது அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடு இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். மற்றபடி தம்பி, மச்சான், நண்பன் யாராக இருந்தாலும் அவருக்கென்று தனி உரிமம் வேண்டும்.

அப்புறம், உரிமம் சுடுவதற்கான அனுமதி இல்லை. சுட்டது சரியா என்பதைக் குற்றவியல் சட்டம் தனியாக முடிவு செய்யும். இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அதன் அடிநாதம். ஓடிப்போகும் திருடனை முதுகில் சுட்டுவிட்டு உரிமத்தைக் காட்டினால் அது காப்பாற்றாது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2019 திருத்தம் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் வைத்திருக்கிறது. மேலே போன குண்டு கீழே வந்துதான் ஆக வேண்டும், வந்து பலரைக் கொன்றும் இருக்கிறது.

உரிமம் கிடைத்த பிறகு ஆள் மாறினால்? பிரிட்டனின் பிளிமத் நகரில் நடந்தது இதற்குப் பாடம். அடிதடி ஒன்றில் ஈடுபட்டதால் ஒருவருடைய ஷாட்கன்னும் அதை வைத்திருக்கும் உரிமமான சான்றிதழும் பறிக்கப்பட்டன. சில மாதங்களில் காவல்துறையே அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த சில வாரங்களில், 2021 ஆகஸ்டில், அவர் தன் தாயையும் மேலும் 4 பேரையும் கொன்றார். இறந்தவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் முதல் மருத்துவத் தகவல் இல்லாமல் அங்கே சான்றிதழ் கிடையாது. ஆகவே சட்டம் உங்களை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடாது. மனநலம் பாதித்தாலோ, வழக்கில் சிக்கினாலோ, குடும்பத்தில் வன்முறைப் புகார் வந்தாலோ உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். மனச்சோர்வோ குடியோ உங்களைப் பிடித்திருக்கிறது என்று நீங்களே உணர்ந்தால், யாரும் கேட்கும்முன் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஓர் உயிர், பல நேரம் உங்கள் உயிரே, அதனால் பிழைக்கும்.

இடைத்தரகர்களைப் பற்றி இரண்டு வரி. வேறு மாநிலத்தில் எளிதாக எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். இந்தியாவில் இப்போது ஒவ்வொரு உரிமமும் தேசியத் தரவுத்தளத்தில் பதிவாகித் தனி அடையாள எண் பெற வேண்டும். அந்த எண் இல்லாத உரிமப் புத்தகம் வெறும் காகிதம், அதை நம்பி வாங்கிய துப்பாக்கியோ சட்டவிரோத ஆயுதம்.

கடைசியாக, துப்பாக்கியே வேண்டாம் என்றிருந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது: வாரிசுரிமை. தாத்தா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே பழைய இரட்டைக்குழல். உரிமம் தாத்தா பேரில் இருந்தது, அவரோடு அது முடிந்துவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து துப்பாக்கி வீட்டிலிருப்பவர்களின் பொறுப்பு. நினைவுப் பொருளாக இருக்கட்டும் என்று திரும்ப மூடி வைத்தால், சில வருடம் கழித்து வீடு விற்கும்போதோ பங்காளிச் சண்டையில் யாராவது புகார் கொடுக்கும்போதோ அது உரிமமில்லா ஆயுத வழக்காக வரும்.

ஜெர்மனியில் சொத்தை ஏற்ற வாரிசு ஒரு மாதத்துக்குள் அனுமதி கேட்க வேண்டும். அவருக்கென்று தேவை எதுவும் இல்லையென்றால் துப்பாக்கியைச் சுட முடியாதபடி அடைப்புக் கருவி பொருத்தி வைக்க வேண்டும். பிரிட்டனில் உயிலை நிறைவேற்றுபவர் காவல்துறையிடம் தற்காலிக அனுமதி பெறலாம். இந்தியாவில் 21ஆவது பிரிவுப்படி, தேவையற்ற தாமதம் இல்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அதன்பிறகு தகுதியுள்ள வாரிசு தன் பேரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அல்லது விற்றுவிடலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: 2016 விதிகளின்படி உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது, தான் குறிப்பிடும் வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம்.

பெட்டியில் அப்படி ஒன்றைக் கண்டெடுத்தால் குழலைத் திறந்து பார்க்க வேண்டாம், விசையைத் தொட வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அந்த அறையிலிருந்து அனுப்பிவிட்டு அறையைப் பூட்டுங்கள். பழைய உரிமப் புத்தகத்தைத் தேடி எடுங்கள், இறப்புச் சான்றிதழின் நகலையும் சேர்த்து வையுங்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடக்காமல், முதலில் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்கள் சொல்கிற முறைப்படி ஒப்படையுங்கள். துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி மூன்றும் எழுதிய ரசீது கைக்கு வந்த பிறகே அங்கிருந்து கிளம்புங்கள்.